ஓஹேர் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு: சின்ன ஊர் விமானத்தை நம்பி இந்தியா கிளம்புபவர்களுக்கு

இல்லினாய் மாநிலத்தில் சிகாகோவை விட்டுத் தள்ளி, பியோரியா, புளூமிங்டன், ஷாம்பெயின், டிகேட்டர் மாதிரி ஊர்களில் இருப்பவர்கள் அடுத்த முறை ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன ஜனவரியில் என் தம்பி கல்யாணத்துக்காகக் குழந்தையோடு கிளம்பினேன். நான் அவனுக்கு ஒரே அக்கா. நாத்தனார் முடிச்சு போட வேண்டியவள். தாலி கட்டும் நேரத்தில் டெல்லி விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். சிகாகோவிலிருந்து சென்னை வரைக்கும் எந்தப் பிரச்சினையும் வந்திருக்காது. பியோரியாவிலிருந்து சிகாகோ போகும் முக்கால் மணி நேரப் பயணம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. இங்கே பல வருஷமாக இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனால் போவதற்கு முன் யாரும் என்னிடம் சொல்லவில்லை, திரும்பி வந்த பிறகுதான் ஒவ்வொருவராக "எங்களுக்கும் இப்படி ஆச்சு" என்றார்கள். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

பியோரியா விமான நிலையத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 2011-இல் திறந்த புது முனையம், சுத்தமாக, அமைதியாக இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தால் பாதுகாப்புச் சோதனை முடிந்து கேட்டில் உட்காரக் கொஞ்ச நேரம்தான் ஆகும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும், ஊரிலிருந்து வரும் வயசான அப்பா அம்மாவுக்கும் அது எவ்வளவு பெரிய வசதி என்று சிகாகோவின் பெரிய விமான நிலையமான ஓஹேரில் அலைந்தவர்களுக்குத் தெரியும். சாலை வழியாக ஓஹேர் சுமார் 165 மைல், நல்ல நாளில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் விமானத்தில் போக முடிவு செய்ததற்குக் காரணம், என் கணவர் அப்போது அலுவலக வேலையாக டெக்ஸாஸில் இருந்தார். பனிக்காலத்தில் ஐந்து வயசுப் பெண்ணையும் பெரிய பெட்டிகளையும் வைத்துக்கொண்டு தனியாக ஓட்ட வேண்டாம் என்று வீட்டில் எல்லோருமே சொன்னார்கள்.

டிக்கெட்டை ஒரு ஏஜென்ட் மூலம் வாங்கினோம். பெயர் வேண்டாம். நம் ஆட்கள் நிறையப் பேர் வாங்கும் இடம்தான். மின்னஞ்சலில் வந்த தாளில் பியோரியா–சிகாகோ, சிகாகோ–தோஹா, தோஹா–சென்னை என்று வரிசையாக, ஒரே பயணம் போல அச்சாகியிருந்தது. மேலே ஒரே முன்பதிவு எண். அது அந்த ஏஜென்ட்டின் சொந்த எண். உண்மையில் உள்ளே இருந்தது இரண்டு தனித்தனி டிக்கெட்: சிகாகோ வரை உள்ளூர் விமானத்தில் ஒன்று, அதற்கப்புறம் இன்னொரு நிறுவனத்தில் ஒன்று. அப்படிப் பிரித்துப் போட்டால் விலை குறைகிறது என்பதால் செய்கிறார்கள். ஆனால் நம்மிடம் சொல்வதில்லை. இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டிக்கெட் தாளில் 13 இலக்க இ-டிக்கெட் எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டைக் கொடுத்த விமான நிறுவனத்தைக் குறிக்கும். எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே எண்ணோ, நிறையக் கட்டங்கள் இருந்தால் அடுத்தடுத்த எண்களோ இருந்தால் அது ஒரே டிக்கெட். சிகாகோ வரைக்கும் ஒரு எண், அதன்பின் சம்பந்தமே இல்லாத வேறு எண் என்றால் அது இரண்டு டிக்கெட். முதல் விமானம் ரத்தானால் இரண்டாவது நிறுவனத்துக்கு நம்மைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. அவர்கள் கணக்கில் நாம் வராமல் போன பயணி, அவ்வளவுதான். விமான நிறுவனத்திடமே நேரடியாக வாங்கினால், பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது 24 மணி நேரத்துக்குள் பணம் பிடிக்காமல் ரத்து செய்துகொள்ள அமெரிக்க விதி இடம் கொடுக்கிறது. ஏஜென்ட்டிடம் வாங்கினால் அந்த விதி பொருந்தாது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே "எல்லாம் ஒரே டிக்கெட் எண்ணிலா வருது?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை மதியம் விமானம். சிகாகோவில் இரவு எட்டு மணிவாக்கில் தோஹா விமானம். நடுவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்ததால் தைரியமாகத்தான் இருந்தேன். வியாழக்கிழமை காலை திண்டுக்கல்லில் முகூர்த்தம். புதன்கிழமை அதிகாலை சென்னை, மதியத்துக்குள் வீடு என்று கணக்கு. பியோரியாவில் அன்றைக்கு வெயில் பளிச்சென்று அடித்தது. தோழி இறக்கிவிட்டுப் போகும்போது "வானம் எவ்ளோ கிளியரா இருக்கு பாரு" என்றாள். கேட்டில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் செயலியில் நாற்பது நிமிஷத் தாமதம் என்று வந்தது. அப்புறம் இன்னும் ஒரு மணி நேரம். அப்புறம் ரத்து. சிகாகோவில் ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்ததாம்.

இங்கே என்ன நடக்கிறது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். ஓஹேரில் பனியோ இடியோ மூடுபனியோ வந்தால் ஒரு மணி நேரத்தில் இறங்கக்கூடிய விமானங்களின் எண்ணிக்கையை எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம், குறைத்துவிடுகிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கிடைக்கும் இடம் சுருங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வரும் இருநூறு பேர் விமானத்தை விடுவதா, பியோரியாவிலிருந்து வரும் ஐம்பது பேர் விமானத்தை விடுவதா என்று வந்தால் எதை வெட்டுவார்கள் என்று சொல்லவே வேண்டாம். காரில் போகக்கூடிய தூரம் என்பதும் அவர்கள் கணக்கில் சேர்கிறது. ஆகவே நம் ஊர் வானத்தைப் பார்த்துப் பயனில்லை, ஓஹேர் வானத்தைப் பார்க்க வேண்டும். எஃப்ஏஏ-வின் நாஸ் ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தில் எந்த விமான நிலையத்தில் தாமதம், எங்கே முழுசாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று உடனுக்குடன் போடுகிறார்கள். செயலி சொல்வதற்கு ரொம்ப முன்னாலேயே அதில் தெரிந்துவிடும். இன்னொன்று, நாம் ஏறப்போகும் விமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சின்ன ஊர்களில் காலை முதல் விமானம் முந்தின நாள் இரவு வந்து நின்றதுதான். இரவு வர வேண்டியது வரவில்லையென்றால் காலையில் கிளம்ப விமானமும் இல்லை, விமானியும் இல்லை. முந்தின இரவு தூங்கப் போகும் முன் அதைப் பார்த்துவிட்டால், மாற்று ஏற்பாட்டுக்கு ஒரு முழு இரவு கையில் இருக்கும்.

ரத்து என்று அறிவித்ததும் மொத்தக் கூட்டமும் கவுண்டருக்கு ஓடியது. அங்கே இருந்தது இரண்டே பேர். விமானம் வந்தால் கேட்டுக்குப் போவதும் அவர்களே, பெட்டி வாங்குவதும் அவர்களே. வரிசையில் நின்றபடியே நிறுவனத்தின் எண்ணுக்குப் போன் போட்டேன், இசைதான் ஓடிக்கொண்டிருந்தது. மகள் பசிக்குது என்றாள். கையில் இருந்த முறுக்கைக் கொடுத்தேன். என் முறை வந்தபோது அந்தப் பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். "நாளை மதியம் சீட் இருக்கு, போட்டுத் தரட்டுமா?" என்றார். இன்றிரவு தோஹா விமானம் இருக்கிறது, கல்யாணத்துக்குப் போகிறேன் என்றேன். திரையைப் பார்த்துவிட்டு, "உங்க பயணம் எங்க சிஸ்டத்துல சிகாகோவோட முடியுது மேம்" என்றார். காலையில் பெட்டியில் ஒட்டிய சீட்டின் பிரதி என் பாஸ்போர்ட் உறையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், பெரிய எழுத்தில் ஓஹேரின் குறியீடான ஓ-ஆர்-டி மட்டும் இருந்தது. சென்னைக்கான குறியீடு எங்கேயும் இல்லை. இது எல்லோரும் கவனிக்க வேண்டியது: பெட்டி போடும்போது சீட்டில் கடைசி ஊர் எது என்று பாருங்கள். கடைசி ஊர் சிகாகோ என்றால் அந்த நிமிஷமே ஏஜென்ட்டைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

ரத்து என்று தெரிந்தவுடன் முதலில் கேட்க வேண்டியது பெட்டியைத்தான். சீட்டை அப்புறம் போனில்கூட மாற்றலாம். பெட்டி ஏற்கனவே கீழே போய்விட்டது, ஊழியர்கள் வேறொரு விமானத்தில் வேலையாக இருந்தார்கள், அது திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள்ளே தம்பி மனைவிக்கு எடுத்த புடவை, அம்மாவுக்கு மருந்து, மகளின் பட்டுப்பாவாடை எல்லாம் இருந்ததால் விட்டுவிட்டும் போக முடியவில்லை. அந்த ஒரு மணி நேரம் கையில் இருந்திருந்தால் நான் விமானத்தைப் பிடித்திருப்பேன். இதை நினைக்கும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது. முகூர்த்தப் புடவை, நகை, மருந்து எதையும் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வையுங்கள்.

வாடகைக் கார் கவுண்டர்களில் எனக்கு முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனது போக, ஒரே ஒரு வண்டி மீதி இருந்தது. ஓஹேரில் விட்டுவிடலாம் என்றார்கள், அதற்குத் தனிக் கட்டணம். குழந்தை இருக்கைக்குத் தனி வாடகை. இல்லினாய் சட்டப்படி எட்டு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அதற்கேற்ற இருக்கை இல்லாமல் வண்டியில் ஏற்றக் கூடாது. எங்களுடையது வீட்டில் பூட்டிக் கிடந்தது. சாவி தோழியிடம், தோழி வேலையில். அதனால் அதையும் வாடகைக்கே எடுத்தேன். கணவர் போனில், "ஓட்ட முடியுமா உன்னால? பயமா இருந்தா வேண்டாம்மா, கல்யாணம் போனா போகுது" என்றார். எனக்கு அந்த நேரத்தில் கோபம்தான் வந்தது. கல்யாணம் போனா போகுது என்று எப்படிச் சொல்வது? கிளம்பினேன். ஐ-74 நெடுஞ்சாலை பிடித்து நார்மல் என்ற ஊர் வரை நன்றாகவே போனது. ஐ-55-இல் ஏறி பாண்டியாக் தாண்டியதும் காற்று. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக் காடு, தடுக்க ஒரு மரம் கிடையாது, பனித்தூள் சாலையின் குறுக்கே புகை மாதிரி ஓடியது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு தெரிந்து தெரிந்து மறைந்தது. ட்வைட் பக்கத்தில் எல்லோரும் நாற்பது மைல் வேகத்துக்கு இறங்கிவிட்டார்கள். மகள் தூங்கிவிட்டாள். நான் சத்தமாக கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

ஓஹேரில் வாடகைக் கார் விடும் இடம் முனையங்களுக்கு வெளியே தனிக் கட்டடம். அங்கிருந்து ரயில் மாதிரி ஒன்றில் ஏறி ஐந்தாம் முனையம் வர வேண்டும். குழந்தையும் பெட்டியுமாக அதற்கே நேரம் பிடிக்கும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கவுண்டருக்கு நான் வந்தபோது மூடிவிட்டார்கள். பெரும்பாலான சர்வதேச விமானங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் முடிந்துவிடும். விமானம் இன்னும் கிளம்பவில்லை, பலகையில் "போர்டிங்" என்றே இருந்தது. கெஞ்சினேன். பாஸ்போர்ட்டையும் ரத்துச் செய்தியையும் காட்டினேன். "இது எங்க விமானம் ரத்தானது இல்லையே" என்றார் அந்த மேலாளர். அவர் சொன்னது விதிப்படி சரி. அந்தச் சரியைக் கேட்டுக்கொண்டு ஐந்து வயசுக் குழந்தையோடு அந்தப் பளிங்குத் தரையில் நின்றது எனக்கு மறக்கவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கே விடிந்து, வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், சத்தம் கேட்டது. "நீ பத்திரமா வா, அது போதும்" என்றாள் அம்மா. குரல் உடைந்தது.

மறுநாள் தோஹா, அபுதாபி, துபாய் எதிலும் இரண்டு சீட் கட்டுப்படியாகும் விலையில் இல்லை. செவ்வாய் மாலை டெல்லிக்கு நேராகப் போகும் விமானத்தில் கிடைத்தது. அங்கே புதன் இரவு இறங்கி, வியாழன் காலை மதுரைக்கு. டெல்லியில் ஜனவரி மூடுபனி, அந்த விமானமும் தாமதம். ஏழரைக்கு மேல் முகூர்த்தம். பெரியப்பா மகன் வீடியோ கால் போட்டுப் போனை மேடைக்கு நேராகப் பிடித்திருந்தான். தம்பி முதல் முடிச்சு போட்டான். அத்தை மகள் குனிந்து அடுத்த இரண்டையும் போட்டாள். நாதஸ்வரச் சத்தத்தில் பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் "அது நீதானேம்மா கட்டணும்?" என்றாள். மத்தியானம் மதுரையில் இறங்கி, திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். தம்பி மாலையைக்கூடக் கழற்றாமல் வந்து கட்டிக்கொண்டான்.

பணக் கணக்கையும் சொல்கிறேன். புது டிக்கெட் இரண்டு பேருக்கும் 2,310 டாலர். போகும் பயணத்துக்கு வராமல் போனதால் தோஹா டிக்கெட்டின் திரும்பும் பகுதியும் தானாகவே ரத்தாகும் நிலை. அதைக் காப்பாற்ற 400 டாலர் அபராதம். கார், குழந்தை இருக்கை, பெட்ரோல், சுங்கம் சேர்த்து 246. ஓஹேர் பக்கத்து ஓட்டல் 152. டெல்லி ஓட்டலும் சாப்பாடும் தனி. திரும்பக் கிடைத்தது என்னவென்றால், பியோரியா விமானத்தின் கட்டணம் முழுசாக வந்தது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024-இல் கொண்டுவந்த விதிப்படி, விமானம் ரத்தாகி நாம் மாற்று விமானத்தை ஏற்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வவுச்சர் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. உள்நாட்டு விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல், சர்வதேச விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் இதே உரிமை உண்டு. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஏழு வேலை நாளுக்குள் தர வேண்டும். நம் கார்டில் பணம் எடுத்தது ஏஜென்ட் என்றால் திருப்பித் தரும் பொறுப்பும் ஏஜென்ட்டுடையது. என் ஏஜென்ட் இழுத்தடித்தார். போக்குவரத்துத் துறையின் தளத்தில் புகார் பதிந்த பிறகே பணம் வந்தது. விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் 30 நாளில் கிடைத்ததாகச் சொல்லி, 60 நாளில் பதில் தர வேண்டும் என்பதும் விதி. தேதியைக் குறித்து வையுங்கள்.

வானிலை காரணம் என்றால் ஓட்டல், சாப்பாடு எதுவும் நிறுவனம் தராது. இயந்திரக் கோளாறு, ஊழியர் பற்றாக்குறை மாதிரி அவர்கள் பக்கத்துக் காரணம் என்றால் பெரிய நிறுவனங்கள் தருவதாக எழுத்தில் உறுதி கொடுத்திருக்கின்றன, போக்குவரத்துத் துறை அதை அட்டவணையாகப் போட்டிருக்கிறது. எது காரணம் என்பதைக் கவுண்டரிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்கு அந்த ஒரு காகிதம்தான் கார்டு காப்பீட்டில் உதவியது. ஓட்டல், கார் செலவில் பெரும்பகுதியை அவர்கள் கொடுத்தார்கள். புது டிக்கெட்டுக்குக் கொடுக்கவில்லை.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் ஒரு ஆபத்து இருக்கிறது. எங்கள் ஊர்த் தோழி ஒருத்திக்கு நடந்தது: பனி வரும் என்று தெரிந்து, பியோரியா விமானத்தை விட்டுவிட்டு முன்கூட்டியே காரில் ஓஹேர் போய்விட்டாள். நல்ல எண்ணம்தான். ஆனால் முதல் கட்டத்தில் ஏறாவிட்டால் கணினி மீதி எல்லாக் கட்டங்களையும் ரத்து செய்துவிடும். ஓஹேரில் இருந்தும் அவளால் ஏற முடியவில்லை. காரில் போக முடிவு செய்தால், பியோரியா விமானம் கிளம்பும் நேரத்துக்கு முன்பே நிறுவனத்தைக் கூப்பிட்டு, "சிகாகோவிலிருந்து ஏறிக்கொள்கிறேன், முதல் கட்டத்தை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லி, புது டிக்கெட் வந்ததை உறுதி செய்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். மோசமான வானிலைக்கு நிறுவனங்கள் பயண விலக்கு அறிவித்திருந்தால் இதற்குக் கட்டணம் இல்லாமலே செய்து தருகிறார்கள்.

மாற்று வழி எனக்குத் தெரிந்தவரை இரண்டு. பியோரியா, நார்மல், ஷாம்பெயினிலிருந்து பியோரியா சார்ட்டர் என்ற நிறுவனத்தின் பேருந்துகள் ஓஹேருக்குப் போகின்றன. பெட்டியோடு ஏறலாம், பனியில் நாம் ஓட்ட வேண்டியதில்லை. ரயில் பியோரியாவுக்கு 1981-க்குப் பிறகு கிடையாது. ஆனால் நாற்பது மைல் தள்ளி நார்மலில் ஆம்ட்ராக்கின் லிங்கன் சர்வீஸ் நிற்கிறது. 2023 முதல் அந்தத் தடத்தில் மணிக்கு 110 மைல் வரை ஓடுகிறது. சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்து கிளின்டன் நிலையத்தில் புளூ லைன் பிடித்தால் நேராக ஓஹேர். பெரிய பெட்டிகளோடு கஷ்டம்தான், தனி ஆளாக இருந்தால் அருமையான வழி. முக்கியமான காரியத்துக்குப் போவதாக இருந்தால், ஒரு நாள் முன்பே சிகாகோ போய்த் தங்கிவிடுவது எல்லாவற்றையும்விட மலிவு.

இதையெல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை ஏன் வந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். சின்ன ஊர்களுக்கு ஓடிய ஐம்பது இருக்கை ஜெட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 2009-இல் பஃபலோ அருகே நடந்த விமான விபத்துக்குப் பிறகு, துணை விமானிக்கும் 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டும் என்று 2013-இல் விதி வந்தது. கொரோனாவில் மூத்த விமானிகள் நிறையப் பேர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். பெரிய நிறுவனங்கள் சின்ன நிறுவனங்களின் விமானிகளை இழுத்துக்கொண்டன. டெல்டா 2020 மே மாதம் பியோரியாவில் சேவையை நிறுத்தியது. 2022-இல் ஸ்கைவெஸ்ட் என்ற பிராந்திய விமான நிறுவனம் விமானி இல்லை என்று சொல்லி, அரசு மானியத்தில் பறந்த 29 ஊர்களை விட்டுப் போக விண்ணப்பித்தது, அதில் நம் டிகேட்டரும் உண்டு. அதே வருஷம் பக்கத்து மாநிலத்து டுபூக்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சேவையை முடித்துக்கொண்டது. 1978-இல் விமான நிறுவனங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடுகளை நீக்கியபோது கொண்டுவந்த அந்த மானியத் திட்டம் டிகேட்டர், குவின்சி, மேரியன் மாதிரி ஊர்களுக்குத்தான், பியோரியாவுக்கு அது கிடையாது. மண்வாரி இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் தலைமையகம் 2017-இல் இங்கிருந்து போனதும் சேர்ந்துகொண்டது. ஆள் குறைந்தால் விமானம் குறையும், விமானம் குறைந்தால் எல்லோரும் காரில் ஓஹேர் போவார்கள், ஆள் இன்னும் குறையும்.

2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் நாடு முழுக்க விமான நிலையங்களுக்கு 2,500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். கட்டடம், ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் விமானம் ரத்தான அன்று எனக்குத் தேவைப்பட்டது ஒரு பேருந்து. அமெரிக்கன், யுனைடெட் நிறுவனங்கள் லேண்ட்லைன் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, பென்சில்வேனியாவின் ஆலன்டவுனிலிருந்து பிலடெல்பியாவுக்கும், கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து டென்வருக்கும் விமான டிக்கெட்டிலேயே பேருந்து விடுகின்றன. ஒரே டிக்கெட், தாமதமானால் பொறுப்பும் அவர்களுடையது. அன்று பியோரியாவில் நின்ற மொத்தக் கூட்டமும் ஒரே பேருந்தில் அடங்கியிருக்கும், மாலை ஆறு மணிக்குள் ஓஹேரில் இருந்திருப்போம். விமானம் ரத்தானால் பேருந்து என்று நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட விமான நிலையங்களும் மாநிலமும் பணம் செலவழிக்கலாம். புது வழித்தடத்துக்கு நிறுவனங்களுக்கு வருமான உத்தரவாதம் கொடுப்பதைவிட அது எவ்வளவோ குறைவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். இல்லினாயில் பொது அமைப்புகளின் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. விமான நிலைய ஆணையமும் அதில் அடக்கம். நான் போய்ப் பேசலாம் என்றிருக்கிறேன். இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்து வந்தால் நன்றாயிருக்கும். வருஷா வருஷம் ஊருக்குப் போய் வருகிற பயணிகள் நாம், நம் எண்ணிக்கையை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

மே மாதம் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக வருகிறார்கள். அவர்களுக்குச் சென்னையிலிருந்து பியோரியா வரை ஒரே டிக்கெட் போட்டு, எண்ணைச் சரிபார்த்துவிட்டேன். சக்கர நாற்காலி கேட்டிருக்கிறேன், ஓஹேரில் குடியேற்றச் சோதனை தாண்ட அது பெரிய உதவி. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஓஹேரிலேயே பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்கம் தாண்டி, மறுபடி உள்ளூர் விமானத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் பியோரியா விமானம் ரத்தாகியிருந்தால் பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் கையோடு வைத்துக்கொண்டு வெளியே வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன், நானே காரில் போய்க் கூட்டி வந்துவிடுவேன். இங்கே இருக்கும் நாம் ஊரிலிருந்து திரும்பும் வழியில் கடைசிக் கட்டத்தை விட்டால் பின்னால் ரத்தாக எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் ஊருக்குத் திரும்பும் பயணமும் அதே டிக்கெட்டில் இருப்பதால், அன்றே நிறுவனத்தைக் கூப்பிட்டு அதைக் குறித்து வைக்கச் சொல்ல வேண்டும். அந்தப் போன் எண், டிக்கெட் எண், "பியோரியா விமானம் ரத்தானதால் மகள் வந்து அழைத்துப் போகிறாள்" என்ற ஆங்கில வாக்கியம் மூன்றையும் ஒரு அட்டையில் அச்சடித்து அப்பாவின் சட்டைப் பையில் வைக்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.